ஓடத் துப்பில்லாதவர்கள்

கேள்வி: எங்கள் தெருப் பையன் ஒருவனும் (24 வயது) பக்கத்துத் தெருப் பெண்ணும் (22) ஓடிப்போகத் திட்டம் போட்டு, விடிகாலை பஸ் பிடித்து ஒரு முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். கோயில் ஆபீசில் வயதுச் சான்று கேட்டதும் பெண் கவரைப் பிரித்தால், உள்ளே அவள் அப்பாவின் வீட்டு வரி ரசீதுகள்! உடனே அம்மாவுக்கே போன் போட்டு, "என் டி.சி. எந்தக் கவர்ல இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். மதியத்துக்குள் இரண்டு வீட்டாரும் வேனில் போய் இறங்கிவிட்டார்கள். இப்போது பெண் அத்தை ஊரில் பத்திரமாக இருக்கிறாள், போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். ஓடிப்போகக்கூடத் துப்பில்லாத இந்தத் தலைமுறையை என்ன சொல்வது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், தேனி மாவட்டம்

பதில்: வீட்டு வரி ரசீதுக்கு நானும் சிரித்தேன். அந்த அம்மா என்ன பதில் சொன்னார் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்களே. நான் பார்த்த அம்மாக்கள், "மேல் தட்டுல, மஞ்சப்பைக்குள்ள" என்று இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் "ஆமா, நீ எங்கடி இருக்க?" என்று கேட்பார்கள்.

துப்பில்லை என்கிறீர்கள். அவர்கள் போய் நின்ற சந்நிதிக்காரர் மட்டும் எப்படியாம்? உங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் வள்ளி திருமணம் நாடகத்தை விடிய விடியப் பார்த்திருப்பீர்கள். வேடனாக வந்து பேச்சுக் கொடுக்கும்போதே பெண்ணைப் பெற்ற நம்பிராஜன் வந்துவிட, அவசரத்துக்கு வேங்கை மரமாகி நின்றார். கிழவர் வேஷமும் போட்டுப் பார்த்தார். கடைசியில் அண்ணன் யானையாக வந்து மிரட்டித்தான் பெண் வழிக்கு வந்தாள். ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டிக்கொண்டு கிளம்பினால் வேடர் கூட்டம் வில்லோடு துரத்தி வந்தது. ஊரறியக் கல்யாணம் நடந்தது, திரும்பி வந்து மாமனார் வீட்டில்! அதற்கு நாம் தேங்காய் உடைக்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு வேன் அனுப்புகிறோம்.

இவர்கள் கோயில் வரை போயிருக்கவே வேண்டாம். இருவரும் இந்துக்கள் என்றால், அண்ணா ஆட்சியில் 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவு இருக்கிறது. நண்பர்கள் முன்னால் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும், ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம். ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்புறம் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வயதுச் சான்று கேட்பார்கள். அது மஞ்சப்பையில் இருக்கிறது.

வேறு வேறு மதம் என்றால்தான் பாடு. 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டி, ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் பார்ப்பார்கள். ஓடிப்போகிறவர்கள் ஒரு மாதம் முன்னாடியே போஸ்டர் ஒட்டிவிட்டு ஓட வேண்டுமாம்! உங்களுக்குக் காமெடிதான் வேண்டுமென்றால் இதற்குச் சிரியுங்கள்.

இன்னொன்று. ரசீது, டி.சி., வேன் என்று எல்லாவற்றையும் ரசித்து எழுதிய நீங்கள், முக்கியமானதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். "அத்தை ஊரில் பத்திரமாக" என்றால் என்ன அர்த்தம்? 22 வயசுப் பெண் என்ன நகையா, பத்திரப்படுத்த? மேஜரான பிள்ளை செய்யும் கல்யாணம் பிடிக்காவிட்டால் பெற்றவர்கள் உறவை முறித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இப்படிப்பட்ட ஜோடிகளுக்காக மாவட்டந்தோறும் போலீஸ் தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று 2018-ல் உத்தரவும் போட்டது. அந்தப் பையன் மதுரைக்குப் போய் உயர் நீதிமன்றக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட்டால், பெண்ணை நேரில் நிறுத்தி "உனக்கு யாரோடு போக விருப்பம்?" என்று அவளிடமே கேட்பார்கள். உங்கள் தெரு இதுவரை அவளிடம் கேட்டதா? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.