பின்னலைத் தொடும் மேலாளர்: தோழி என்ன செய்யலாம், நீங்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் தோழி கறுப்பினப் பெண். பெற்றோர் கானாவிலிருந்து வந்தவர்கள், அவள் பிறந்து வளர்ந்தது இங்கேதான். மேலாளர் எல்லார் முன்னாலும் அவள் பின்னலைத் தொட்டு, "இது உன் முடிதானா?" என்று கேட்கிறார். ஆண்டு மதிப்பீட்டில் அவளை "முரட்டுக் குணம்" என்று எழுதியிருக்கிறார்கள். அவளிடம் வேலை பழகிய வெள்ளைக்காரப் பெண்ணுக்கு மூன்று வாரத்துக்கு முன் சீனியர் பதவி கொடுத்துவிட்டார்கள். தூக்கமே இல்லை, வேலையை விட்டுவிடவா என்கிறாள். என்ன சொல்வது? நான் சாட்சி சொன்னால் என் வேலைக்கு ஆபத்தா?

பதில்: உங்கள் தோழி எதையும் பெரிதுபடுத்தவில்லை என்பதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். தனித்தனியாக எடுத்தால், "விளையாட்டுக்குத் தொட்டிருப்பார்" என்று யாரும் தட்டிக்கழித்துவிடுவார்கள். மாதக்கணக்கில் சேரும்போதுதான் தூக்கம் போகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. கறுப்பினப் பெண் சாதாரணக் குரலில் மறுத்துப் பேசினாலும் முரடு என்று முத்திரை குத்துவது வெகுகாலப் பழக்கம். அந்த முத்திரைக்குப் பயந்துதான் பலர் வாயே திறப்பதில்லை.

இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொல்லுங்கள். நடந்ததை அன்றன்றே, சொன்ன சொல் மாறாமல் எழுத வேண்டும். இப்படி: "மார்ச் 4, செவ்வாய், காலை 8.10. ஷிப்ட் மாறும் கூட்டம். மேலாளர் பின்னால் வந்து பின்னலைத் தூக்கிப் பார்த்து, 'இது உன் முடிதானா?' என்றார். மூன்று பேர் சிரித்தார்கள். தொடாதீர்கள் என்றேன். 'ஏன் இவ்வளவு கோபம்?' என்றார்." இவ்வளவு போதும், விளக்கவுரை வேண்டாம். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதைவிட இந்த ஐந்து வரிக்கு மதிப்பு அதிகம். ஒரு எச்சரிக்கை: இல்லத்தில் இருப்பவர்களின் பெயரோ மருத்துவ விவரமோ அதில் வரக்கூடாது. அலுவலகக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பவும் கூடாது. அதையே பிடித்துக்கொண்டு அவர்மேல் நடவடிக்கை எடுப்பார்கள்.

மதிப்பீட்டில் எழுதிய அந்தச் சொல்லுக்கு மின்னஞ்சலில் விளக்கம் கேட்கட்டும். எந்த நாள், எந்தச் சம்பவம், அப்போது நான் எப்படி நடந்திருக்க வேண்டும்? மூன்றே கேள்வி. பதவி விஷயத்திலும் அப்படித்தான்: என்ன தகுதி பார்த்தார்கள், யாருக்கு என்ன மதிப்பெண்? பதில் வராவிட்டால், தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் பதிவுகளின் நகலைத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கலாம். சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

அடுத்து முறையான புகார். இங்கேதான் பலர் தவறு செய்வதைப் பார்க்கிறேன். மரியாதை கருதி, "என்னைச் சரியாக நடத்தவில்லை" என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தரும் பாதுகாப்பு முழுதாகக் கிடைக்க, இது இனப் பாகுபாடு, இனத் துன்புறுத்தல் என்று கடிதத்தில் வெளிப்படையாகவே இருக்கட்டும். விசாரணைக் கூட்டத்துக்குச் சக ஊழியர் ஒருவரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ கூட்டிச் செல்ல அவருக்கு உரிமை உண்டு. சங்கத்தில் இல்லையென்றால் உடனே சேரட்டும், ஆனால் பழைய சிக்கலுக்கு வழக்குச் செலவை ஏற்கச் சங்கங்கள் தயங்கும்.

கெடு விஷயத்தில்தான் எனக்குக் கவலை. தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போக, நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்றே கணக்கு வையுங்கள். அதற்குமுன், வேலையிடத் தகராறுகளில் சமரசம் செய்துவைக்கும் ஏகாஸ் (ACAS) அமைப்பிடம் பதிவு செய்தாக வேண்டும். உள்ளுக்குள் புகார் விசாரணை நடப்பதால் அந்தக் கடிகாரம் நிற்காது. "முடிவு வரட்டும்" என்று காத்திருந்து நல்ல வழக்கை இழந்தவர்கள் உண்டு. பதவியை இன்னொருவருக்குக் கொடுத்து ஏற்கெனவே மூன்று வாரம் ஆகிவிட்டது. ஏகாஸின் தொலைபேசி ஆலோசனையும் தீர்ப்பாயமும் இலவசம். பாகுபாட்டு வழக்குக்கு இத்தனை வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

வேலையை விடுவதா? அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், விட்டாலும் தோல்வியில்லை. ஆனால் தூங்காத இரவுக்கு மறுநாள் காலையில் ராஜினாமா எழுத வேண்டாம். முதலில் குடும்ப மருத்துவரைப் பார்த்து, வேலையிடத்தில் நடப்பதையும் சொல்லட்டும். அது மருத்துவப் பதிவில் ஏறும், தேவைப்பட்டால் விடுப்புச் சான்றும் கிடைக்கும். இதைக் கடந்து வந்த மற்ற கறுப்பின ஊழியர்களோடு மனம்விட்டுப் பேசுவதும் மருந்துதான். அங்கே முதலிலிருந்து விளக்கம் சொல்லித் தொலைக்க வேண்டியதில்லை.

சரி, உங்கள் விஷயம். உண்மையாகச் சாட்சி சொன்னவரை அதற்காகத் தண்டிப்பதும் அதே சமத்துவச் சட்டம் தடைசெய்யும் பழிவாங்கல்தான். அதனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஷிப்டைக் குறைத்துப் பார்ப்பார்கள், முகம் கொடுக்க மாட்டார்கள். அப்படி நடந்தால் நீங்களும் தேதி போட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1963-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பேருந்து நிறுவனம், கறுப்பினத்தவரும் ஆசியரும் ஓட்டுநர், நடத்துநர் வேலைக்கு வேண்டாம் என்றது. பால் ஸ்டீவன்சன் போன்ற கறுப்பின இளைஞர்கள் புறக்கணிப்புப் போராட்டம் நடத்தினார்கள். தடை நீங்கியதும் முதலில் நடத்துநரானவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். ஆசியர்களான நாம் இங்கே நுழைந்த கதவை அந்தக் கறுப்பின இளைஞர்கள்தான் திறந்தார்கள். அப்படியிருக்க, நம் வீடுகளில் இன்னும் கறுப்பினத்தவரைக் கூசாமல் "காப்பிலி" என்று இழிவாகச் சொல்கிறோம். உங்கள் வீட்டில் அந்தச் சொல் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

அப்புறம், பின்னலைத் தொட்டதை நீங்கள் பார்த்த நாள், நேரம், கேட்ட சொல், பக்கத்தில் இருந்தவர்கள், நினைவிருக்கும் மட்டும் இன்றிரவே எழுதி, கீழே இன்றைய தேதியைப் போட்டுத் தோழிக்கு அனுப்பிவிடுங்கள். நாளை ஏகாஸுக்கு அவர் தொலைபேசி எடுக்கும்போது பக்கத்தில் இருங்கள்.