வயதாகிவிட்டது என்று உங்களுக்கு முதன்முதலில் உறைத்தது எப்போது?

எனக்கு நாள், நேரம், இடம் மூன்றும் தெரியும். 2025 மே மாதத்துத் திங்கட்கிழமை ஒன்று, இரவு ஒன்பதேகால், ஒட்டன்சத்திரம் தாண்டி தாராபுரம் வரும் வழி. அதற்கு முந்தைய நிமிடம் வரை எனக்கு இளமை திரும்பிக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

எனக்கு 58 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணியும் கலரும் பார்த்துப் பாஸ் பண்ணும் வேலை. 44 வயதில் வெள்ளெழுத்து வந்து கண்ணாடி போட்டவன். போன வருடம் பொங்கல் முடிந்த சமயம், ஒரு நாள் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு கம்பெனிக்குப் போய்விட்டேன். டீ இடைவேளையில் பேப்பரை எடுத்தால், எழுத்து தெரிகிறது! பொடி எழுத்து, டெண்டர் விளம்பரம்கூடத் தெரிகிறது. அன்றிலிருந்து கண்ணாடி மேஜை டிராயரில்தான் கிடந்தது. காலை நடைக்கு வரும் நண்பர்கள் எப்படி என்று கேட்டார்கள். வாரம் இரண்டு நாள் பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிடுகிறேன் என்றேன். அவர்களில் ஒருவர் அதை நம்பி வீட்டு மாடியில் தொட்டி வைத்துக் கீரை போட்டுவிட்டார். அவரிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது யோசித்தால், அதே சமயத்தில் வேறு சில பழக்கங்களும் என்னிடம் சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. கல்யாண வீட்டுக்குப் போனால் இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவேன். வெளியூர் என்றால் "ராத்திரிப் பயணம் ஆகாது, விடியக்காலையில் கிளம்பலாம்" என்பேன். அதை அனுபவசாலியின் அறிவுரை மாதிரி சொல்வேன், வீட்டிலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். நெடுஞ்சாலைப் பெயர்ப் பலகைகளுக்கு ஒழுங்காகப் பெயின்ட் அடிப்பதில்லை என்று திட்டுவேன். என் கண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பது எனக்கு முன்னால் என் கால்களுக்கும் கைகளுக்கும் தெரிந்திருக்கிறது. அவை தாமாகவே ஒதுங்கி நடக்கப் பழகிவிட்டிருந்தன.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் லீவில் வந்திருந்தாள். 79 வயது அம்மாவுக்குக் கன்னியாகுமரியில் இன்னொரு தடவை கடலைப் பார்க்க ஆசை. நான், மனைவி, மகள், அம்மா என நான்கு பேர். சனிக்கிழமை காலை நாலரைக்குக் காரை எடுத்தேன். தாராபுரம், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி வழியாகப் போனால் 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒரே ஆளாக ஓட்டிவிடுவேன் என்பதில் எனக்கு ஒரு கர்வம்.

முதல் அடி கோவில்பட்டியில் விழுந்தது. காலைச் சாப்பாடு மதுரையில் என்றுதான் பேச்சு. ஊருக்குள் போனால் நேரம் போகும் என்று புறவழிச்சாலையைப் பிடித்தேன். விருதுநகர் வந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான், கோவில்பட்டியில் சாப்பிட்டுவிட்டு அப்படியே கடலைமிட்டாயும் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். பின்சீட்டில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு எங்கே இருந்தாலும் ஏழு மணி என்றால் சர்க்கரை மாத்திரை. அன்றைக்கும் வழக்கம்போல் ஏழு மணிக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். வயிற்றில் நாலு மணிக்குக் குடித்த சர்க்கரை இல்லாத காப்பி மட்டும்.

சாத்தூர் தாண்டியதும் மகள், "அப்பா, அப்பத்தாவுக்கு என்னமோ பண்ணுது" என்றாள். ஏசி ஓடுகிற வண்டியில் அம்மாவின் நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை வழிகிறது. கை நடுங்குகிறது. என்னம்மா என்று கேட்டால் என் செத்துப்போன சித்தப்பா பெயரைச் சொல்லி, அவன் வந்துட்டானா என்கிறார். கோவில்பட்டி வந்ததும் முதலில் கண்ணில் பட்ட கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். கடலைமிட்டாய்க் கடைதான். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பிரசித்தி பெற்ற மிட்டாயை ஒரு துண்டு உடைத்து அம்மா வாயில் வைத்தேன். அம்மா அதை நாக்கால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார், அவ்வளவுதான். பல்செட் கைப்பையில் டப்பாவுக்குள் இருக்கிறது! தூங்கும்போது கழற்றி வைத்திருக்கிறார்.

மகள் அதற்குள் பக்கத்து டீக்கடைக்கு ஓடி, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாங்கி வந்தாள். சூட்கேஸுக்கு அடியிலிருந்து மீட்டரைத் தேடி எடுத்துக் குத்திப் பார்த்தால் 58. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. சர்க்கரைத் தண்ணீர் இறங்கி ஒரு கால் மணி நேரம் கழித்துப் பார்த்தோம், 94. "எதுக்கு எல்லாரும் என்னைய வளைச்சுட்டு நிக்கறீங்க?" என்று அம்மா கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. பல் இருந்திருந்தாலும் கடலைமிட்டாய் சரியான மருந்து இல்லை என்று ஊர் திரும்பியபின் டாக்டர் சொன்னார். கடலையில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்திவிடுமாம். வெறும் சர்க்கரை, குளுக்கோஸ், பழச்சாறு, இதுதான் வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். இந்த வயதில் சர்க்கரையை ரொம்ப இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை என்று மாத்திரையின் அளவையும் பாதியாக்கினார். இலையில் இட்லி விழுந்த பிறகுதான் மாத்திரை என்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்.

இட்லி சாப்பிடும்போது இன்னொன்றும் வெளியே வந்தது. அம்மா முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்திருக்கிறார். ஏம்மா என்றால், "அடிக்கடி வண்டிய நிறுத்தோணுமே கண்ணு. நீ பாவம், ஓட்டீட்டு வர்ற" என்றார். மனைவி தலையைக் குனிந்துகொண்டு தோசையைப் பிய்த்தாள். அவளும் குடிக்கவில்லை. அவளுக்கு முட்டி வலி. குத்துக்காலிட்டு உட்கார முடியாது, வழியில் இருக்கும் கழிவறை எப்படி இருக்குமோ என்ற பயம். இரண்டு பெண்கள், மே மாத வெயிலில், 250 கிலோமீட்டருக்கு மேல் வாயைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் மதுரைக்கு எத்தனை மணிக்கு வந்தோம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம். முப்பந்தலில் காற்றாலைகளுக்குக் கீழே நின்றபோது, "வேலையில்லாம எத்தன கைய ஆட்டுது பாரு" என்றார் அம்மா.

கன்னியாகுமரியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, எல்லாரும் போன ஊர்தான். திங்கட்கிழமை காலை மகளுக்குக் கண்ணாடிப் பாலத்தைப் பார்க்க வேண்டும். விவேகானந்தர் பாறையையும் 133 அடி வள்ளுவரையும் இணைக்கிற 77 மீட்டர் பாலம், 2024 டிசம்பர் 30இல் திறந்தது. கோடை விடுமுறைக் கூட்டம், படகு வரிசை நகரவே இல்லை. அம்மாவையும் மனைவியையும் கரையில் நிழலில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் போனோம். பாலத்தின் நடுவில் நின்று மகள், "அப்பா, கீழ அலை பாறையில அடிக்கறது எவ்வளவு தெளிவாத் தெரியுது!" என்றாள். எனக்கு அழுக்குக் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் மிதிக்கிற கண்ணாடி, தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பாருங்கள், அப்போதும் குற்றம் கண்ணாடியின் மேல்தான்.

காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் மதியச் சாப்பாடு முடித்து இரண்டரைக்குக் கிளம்பினோம். நிறுத்தி நிறுத்தி வந்ததில் மதுரையைத் தாண்டும்போதே இருட்டு. நாலுவழிச் சாலையில் நடுவே வரிசையாக அரளிச் செடி வைத்திருப்பதை நாம் அழகுக்கு என்று நினைக்கிறோம். எதிர்வண்டி வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் இருக்கத்தான் முக்கியமாக அது. அதன் அருமை எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. செடி பட்டுப்போய் இடைவெளி விழுந்த இடங்களில் எல்லாம், ஒவ்வொரு முறையும், யாரோ முகத்தில் மாவை அள்ளி வீசுகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வட்டம், வட்டத்திலிருந்து ஈர்க்குச்சி மாதிரி கோடுகள். நான் ஒன்றும் பேசவில்லை. வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டேன்.

ஒட்டன்சத்திரம் தாண்டி, நடுவே தடுப்பும் செடியும் இல்லாத ஒரு பகுதி. எதிரே ஒரு பஸ், ஹைபீமில். அது கடந்த பின்னும் எனக்கு இரண்டு மூன்று விநாடிகள் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் பால் மாதிரி. அந்த வெள்ளைக்குள்ளிருந்து மகளின் குரல், "அப்பா, ஆளு!"

பிரேக்கை மிதித்தேன். முன்னால் ஒரு மொபெட், பின்விளக்கு இல்லை. சந்தைக்குக் காய் போட்டுவிட்டுக் காலிக் கூடைகளைக் கட்டிக்கொண்டு போகிறார் ஒருவர். எங்கள் பம்பருக்கும் அவர் கூடைக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவு இடம். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தார். தன் பின்னால் என்ன நடந்தது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

வண்டியை ஓரம் கட்டினேன். மனைவி, "ஏனுங்க, தூக்கமா?" என்றாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், வாய்வரை வந்தது. "இல்ல, கண்ணு தெரியல" என்றேன். யாரும் எதுவும் பேசவில்லை. மகள் இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்தாள். இடப்பக்க சீட்டுக்கு மாறி உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவள் ஏதோ ஞாபகத்தில், "தாராபுரம் 14" என்று பலகையைப் படித்தாள். எனக்கு அங்கே ஒரு பலகை இருப்பதே இன்னும் தெரியவில்லை. பெயின்ட் நன்றாகத்தான் அடித்திருக்கிறார்கள்.

அந்த வாரமே கோவையில் கண் டாக்டரிடம் போனேன். பெருமையை விட மனமில்லாமல், "கிட்டத்துல கண்ணாடி இல்லாமலே படிக்கறேனுங்க" என்றேன். அவர் சிரித்தார். இரண்டு கண்ணிலும் புரை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி கெட்டிப்பட்டு, அதன் பவர் மாறிவிடுகிறது. அதனால் தூரப் பார்வை போய்க் கிட்டப் பார்வை கொஞ்ச காலம் திரும்பி வந்த மாதிரி இருக்கும், அப்புறம் அதுவும் போகும். இங்கிலீஷில் இதை இரண்டாம் பார்வை என்றே சொல்வார்களாம். ஆக நான் கீரைக்குக் கொடுத்த பாராட்டெல்லாம் புரைக்குச் சேர வேண்டியது.

இந்தக் கண்ணோடுதான் உரிமம் புதுப்பித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 55 தாண்டினால் ஐந்தாண்டுக்குத்தான் கொடுப்பார்கள், 40க்கு மேல் போனாலே படிவம் 1ஏ-வில் மருத்துவச் சான்று வேண்டும். எனக்குச் சான்று கொடுத்தவர் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை, அப்புறம் எங்கே கண்ணைப் பார்ப்பது? அன்றைக்கு, வேலை சீக்கிரம் முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

கண்மணி விரிய மருந்து விட்டு உட்காரவைத்திருந்தபோது போனும் பார்க்க முடியாது, பேப்பரும் படிக்க முடியாது. பக்கத்தில் கோவில்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் கண்ணைக் காட்ட வந்தவர். அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமி தங்கள் ஊர்ப் பக்கம்தான், எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரம் என்று ஆரம்பித்தார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களோடே அறுவைசிகிச்சை பழகியவர், அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தாராம். "அப்ப அவருக்கு 58 வயசு தம்பி" என்றார். அவர் என் வயதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் வலது கண், மூன்று வாரம் கழித்து இடது. சொட்டு மருந்திலேயே மரத்துப்போகிறது, கால் மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. லென்ஸ் எது வைப்பது என்பதில் மட்டும் யோசித்தேன். தூரம், கிட்டம் இரண்டும் தெரிகிற வகையில் சிலருக்கு ராத்திரியில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியலாம் என்றார்கள். எனக்கு அந்த வட்டத்தோடு போதுமான உறவு ஆகிவிட்டது. தூரத்துக்கு மட்டுமானதை வைத்துக்கொண்டேன். பேப்பர் படிக்க டிராயரில் கிடந்த கண்ணாடியைத் தேடி எடுத்தால், பவர் போதவில்லை, புதிதாக மாற்ற வேண்டியிருந்தது.

கட்டைப் பிரித்த மறுநாள் குளியலறைச் சுவரைப் பார்த்துப் பெயின்ட் மாற்றினீர்களா என்று கேட்டேன். இவ்வளவு நாள் மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்த மாதிரி இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அப்போது திடீரென்று ஞாபகம் வந்தது. மார்ச்சில் ஒரு சாயப்பட்டறையிலிருந்து வந்த வெள்ளைத் துணி லாட் முழுவதையும் "மஞ்சள் அடிக்குது, இது வெள்ளையா?" என்று சண்டை போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தேன். பட்டறைக்காரர் கலர் சரிபார்க்கிற லைட் பாக்ஸில் வைத்துக் காட்டி, ஷேடு கார்டோடு, அதாவது மாதிரிக் கலர் அட்டையோடு, ஒத்துப்போகிறது என்று கெஞ்சினார். முப்பது வருஷமா கலர் பார்க்கறவன்கிட்டயா என்று கேட்டேன்.

அலமாரியில் அந்த லாட்டின் சாம்பிள் துண்டு இன்னும் இருந்தது. ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். நல்ல, நீலம் பாரித்த, அப்பழுக்கில்லாத வெள்ளை.

அவருக்குப் போன் போட்டேன். "அண்ணா, அந்த மார்ச் மாசத்து வெள்ளை சரியாத்தான் இருந்துருக்குது. கண்ணு எனக்குத்தான்" என்று விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார், "ஆப்ரேசன் நல்லா ஆச்சுங்களா? சந்தோசமுங்க. அப்படியே அந்தப் பில்லையும் புதுக் கண்ணுல ஒருக்கா பாத்துருங்க."