தனியார் வனவிலங்குக் காப்பகம் நமக்கு ஒத்துவருமா? திருகோணமலையிலிருந்து ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். தென்னாப்பிரிக்காவின் தனியார் வனவிலங்குக் காப்பகங்களில் கிடைக்கும் அனுபவம் நம் தேசியப் பூங்காக்களைவிட மேலானதா? மேலானது என்றால், இலங்கையிலும் காடுகளைத் தனியாரிடம் ஒப்படைத்தால் யானைகள் பிழைக்குமா? முதலாவதற்கு என் பதில் ஆம். இரண்டாவதற்கு இல்லை.

நான் திருகோணமலைக்காரன், கப்பலில் எஞ்சின் பகுதியில் வேலை பார்த்தவன். நிலக்கரி ஏற்றத் தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்குப் போவோம். கரையிறங்க அனுமதி கிடைத்தால் மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போவார்கள். எங்களில் சிலர் வேன் பிடித்து வடக்கே ஹ்லுஹ்லுவே பக்கம் போய்விடுவோம். 1895இல் அறிவிக்கப்பட்ட ஹ்லுஹ்லுவே–இம்ஃபொலோசி அரசுப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் தனியார் காப்பகங்களும் நிறைய. இரண்டு வகையையும் பார்த்திருப்பதால் ஒப்பிட முடிகிறது.

விலங்குகளின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அரசுப் பூங்காவில் நம் சொந்த வண்டியிலேயே போகலாம், ஆனால் பாதையை விட்டு இறங்கக் கூடாது. தனியாரிடத்தில் திறந்த வண்டி. முன்புறத்தில் தனி இருக்கை போட்டு, தடம் பார்ப்பவர் அதில் உட்கார்ந்திருப்பார். ஓட்டுகிற ரேஞ்சர் வானொலியில் மற்ற வண்டிகளுடன் பேசிக்கொண்டே வருவார். ஒரு சிங்கக் கூட்டத்தின் அருகே இரண்டு அல்லது மூன்று வண்டிகள்தான். நான்காவது வண்டி தூரத்தில் நின்று, முன்னே இருக்கும் ஒன்று விலகியபின்தான் வரும். யாரும் எழுந்து நிற்பதில்லை, ஹோர்ன் அடிப்பதில்லை. அவசரம் இல்லாததால் ரேஞ்சருக்குப் பேச நேரம் இருக்கிறது. ஒரு சாணக் குவியலின் முன் வண்டியை நிறுத்தி, வெள்ளைக் காண்டாமிருகங்கள் குறிப்பிட்ட இடங்களிலேயே சாணமிடும் என்றும், எந்த ஆண் எங்கே ஆள்கிறது, எந்தப் பெண் இணைக்குத் தயார் என்பதெல்லாம் அந்த வாசனையிலேயே அவற்றுக்குத் தெரிந்துவிடும் என்றும் சொன்னார். அது அவற்றின் அறிவிப்புப் பலகை. சிங்கத்தைவிட எனக்கு அந்தச் சாணக் குவியல்தான் நன்றாக நினைவில் இருக்கிறது.

ஆக, அங்கே நாம் காசு கொடுத்து வாங்குவது கூட்டமில்லாத காட்டை. அந்தக் காசு கொஞ்சமல்ல. தங்குவதானால் ஓர் இரவுக்கு ஒருவருக்கே நூற்றுக்கணக்கான டொலர், புகழ்பெற்ற இடங்களில் ஆயிரத்தையும் தாண்டும். நாங்கள் போனது பகலில் சுற்றிக் காட்டித் திருப்பி அனுப்பிவிடும் மலிவான இடம். கப்பல்காரன் சம்பளத்துக்கு அதுவே அதிகம்.

இனி இரண்டாவது கேள்வி. தனியார் முறை அங்கே வேரூன்றியதற்குச் சட்டமும் ஒரு காரணம். முறையாக வேலியடைத்த நிலத்தில் இருக்கும் விலங்கு நில உரிமையாளரின் சொத்து என்பதை 1991ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. மாடு வளர்த்து நட்டப்பட்டவர்கள் மான்களையும் வரிக்குதிரைகளையும் வாங்கித் தங்கள் நிலத்தில் விட்டார்கள். இன்று தென்னாப்பிரிக்காவின் வெள்ளைக் காண்டாமிருகங்களில் பாதிக்கும் மேல் தனியார் நிலங்களில் இருக்கின்றன. ஆனால் அந்தக் கதையின் தொடக்கத்தை விளம்பரங்கள் சொல்லுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம் நூற்றுக்கும் குறைவாக, இம்ஃபொலோசிப் பகுதியில் மட்டுமே எஞ்சியிருந்தது. காப்பாற்றியது அந்த அரசுக் காப்பகம். 1960களில் அங்கே வன அதிகாரியாக இருந்த இயன் பிளேயரும் அவருடைய குழுவினரும் அவற்றை மயக்க ஊசி போட்டுப் பிடித்து மற்ற இடங்களுக்கு அனுப்பிய பிறகே தனியாருக்கு விதை கிடைத்தது.

தனியார் பணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2014இல் மட்டும் அந்த நாட்டில் 1,215 காண்டாமிருகங்கள் கொம்புக்காகக் கொல்லப்பட்டன. காவல் செலவு உரிமையாளர்களை நசுக்கியது. உலகின் மிகப்பெரிய தனியார் காண்டாமிருகப் பண்ணை 2023இல் ஏலத்துக்கு வந்தபோது ஏலம் கேட்க ஒருவரும் இல்லை. கடைசியில் ஆஃப்ரிக்கன் பார்க்ஸ் என்ற தொண்டு நிறுவனம் 2,000 விலங்குகளையும் பொறுப்பேற்றது. சில காப்பகங்களில் வருமானத்துக்காகக் கட்டண வேட்டையும் நடக்கிறது. சிறிய வேலிக்குள் இருக்கும் சிங்கங்கள் தங்களுக்குள்ளேயே இனம் பெருக்கிவிடாமல் இருக்க, அவற்றை இடம் மாற்றவும் கருத்தடை செய்யவும் வேண்டியிருக்கிறது. யானைகளுக்கே கருத்தடை ஊசி போடும் காப்பகங்கள் உண்டு.

இதை நம் நாட்டுக்குக் கொண்டுவந்து பொருத்திப் பாருங்கள். இங்கே 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசுதான் பாதுகாவலர். அதைவிட முக்கியம், நம் யானை வேலிக்குள் இருப்பதில்லை. இலங்கையில் யானைகள் நடமாடும் நிலத்தில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக் கந்தளாயிலும் சேருவிலவிலும் யானை விரட்டும் வெடிச் சத்தம் கேட்டுத் தூங்கியவர்களுக்கு இந்தச் சதவீதக் கணக்கு தேவையில்லை. 2022இலும் 2023இலும் ஆண்டுக்கு 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. சுடப்பட்டவை, தீனிக்குள் மறைத்து வைக்கும் வாய்வெடியில் சிக்கியவை, மின்சாரம் தாக்கியவை, ரயிலில் அடிபட்டவை எல்லாம் அதில் அடக்கம். தனியார் முதலாளி ஒருவர் ஆயிரம் ஏக்கரை வளைத்து மின்வேலி போட்டால், யானை நடந்து வந்த வழி அடைபடும். அது பக்கத்து வயலில் இறங்கும். விருந்தினருக்கு நல்ல படம் கிடைக்கலாம், விவசாயிக்குக் கிடைப்பது மிதிபட்ட நெல்.

அங்கிருந்து எடுக்க வேண்டியது அந்த வண்டிக் கட்டுப்பாட்டைத்தான். அதற்குத் தனியார் உடைமை தேவையில்லை, வாயிலில் நின்று கண்டிப்பாக எண்ணுகிற ஓர் ஆள் போதும். மின்னேரியா தேசியப் பூங்காவில் இருக்கும் குளத்தில் தண்ணீர் வற்றிப் புல் முளைக்கும் பருவத்தில் இரண்டு, மூன்று நூறு யானைகள் கூடும் காட்சி ஆசியாவிலேயே அபூர்வம். அதைச் சுற்றி ஜீப்புகள் வளையம் போட்டு நிற்பதைப் பார்த்தால் யானைமீது இரக்கம்தான் வரும். போதாக்குறைக்கு, மொரகஹகந்த நீர்த்தேக்கத் திட்டத்தின் பின் கோடையிலும் குளத்தில் தண்ணீர் நிற்பதால் சில ஆண்டுகளில் புல்வெளியே மூழ்கிவிடுகிறது. இதைத் தனியாரால் சரிசெய்ய முடியாது. நீர்ப்பாசனமும் வனஜீவராசிகள் திணைக்களமும் ஒன்றாக உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

நிலாவெளிக் கடலில் இருக்கும் புறாத் தீவுக்கும் இதே கணக்குத்தான். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தாயிற்று. ஆனால் நீந்தத் தெரியாதவர்களையும் படகு படகாக இறக்கினால் அவர்கள் பவளத்தின் மீதுதான் நிற்பார்கள். (திருகோணமலைக் கோட்டைக்குள், கோணேசர் கோயில் வழியில் திரியும் புள்ளிமான்களுக்குப் பிஸ்கட்டைப் பொலித்தீன் பையோடு நீட்டும் பக்தர்களைப் பற்றி இங்கே பேசத் தொடங்கினால் பதில் நீண்டுவிடும். கோணேசரைக் கும்பிட வந்தவர்கள் மானைக் கொல்லாமல் போனால் சரி.)

திருகோணமலையில் தங்கிக்கொண்டு யானை பார்க்க நினைக்கிறீர்கள் என்றால், ஆகஸ்ட், செப்டம்பரில் மின்னேரியா, அதற்குப் பிறகு பக்கத்திலுள்ள கவுடுல்ல தேசியப் பூங்கா. இரண்டுக்கும் ஹபரணை வீதிதான். யானைகள் அந்த வாரம் எந்தக் குளத்தில் இறங்குகின்றன என்று ஹபரணையில் விசாரித்துவிட்டே டிக்கெட் எடுங்கள். வார இறுதியைத் தவிருங்கள், பிற்பகலில் போங்கள். மூன்று ஜீப் நிற்கும் இடத்துக்கு நாம் போக வேண்டாம், எஞ்சினை அணைத்துவிட்டு எட்ட நின்றால் போதும் என்று புறப்படும் முன்பே சாரதியிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள். அவர்களுக்கும் டீசல் மிச்சம்.