கச்சத்தீவு திருவிழா போல, ராமநாதபுரம் கரையில் இருக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்னும் புராட்டஸ்டன்ட் சபை) சபைகளுக்கும் இலங்கைச் சபைகளுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் திருவிழா மாதிரி கண்ணுக்குத் தெரியாது. கச்சத்தீவு அந்தோணியார் கோயில் கத்தோலிக்கருடையது. ராமேஸ்வரத்திலிருந்து படகு ஏறிப் போவார்கள், யாழ்ப்பாணத்திலிருந்தும் வருவார்கள், கொடியேற்றம், சப்பரம் எல்லாம் நடக்கும், டிவியில் காட்டுவார்கள். எங்களுக்குக் கொடிமரமும் இல்லை, சப்பரமும் இல்லை. எங்களிடம் இருப்பதெல்லாம் ரிஜிஸ்டர், கடிதம், கமிட்டி. இதை யார் வந்து படம் பிடிப்பார்கள்?

நான் ராமநாதபுரத்துக்காரன். அப்பா மண்டபம் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்தவர், சேகரக் கமிட்டியில் பல வருடம் பொருளாளர் (ஓர் ஆயரின் கீழ் வரும் சபைகளைச் சேகரம் என்போம்). அதனால் அந்தக் கடிதங்களில் சிலவற்றைக் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில், பலரும் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். இந்தியாவிலிருந்துதான் சபை இலங்கைக்குப் போனது என்பார்கள். எங்கள் பக்கத்து அமெரிக்க மிஷன் கதையைப் பார்த்தால் அது அங்கிருந்து இங்கே வந்தது. அமெரிக்க மிஷனரிகள் 1816-ல் யாழ்ப்பாணத்தில் வந்து உட்கார்ந்தார்கள். இந்தியா கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது, அமெரிக்கர்களை அது லேசில் உள்ளே விடாது. இலங்கை கம்பெனியின் கீழ் இல்லை, நேரே பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் இருந்தது. வட்டுக்கோட்டையில் செமினரி, உடுவிலில் பெண்கள் பள்ளி என்று அங்கே நன்றாக வேரூன்றிய பிறகு, 1834-ல் டாட், ஹொய்சிங்டன் என்ற இருவர் யாழ்ப்பாணத் தமிழர் சிலரையும் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி மதுரைக்கு வந்தார்கள். மதுரை அமெரிக்கன் மிஷன் அப்படித் தொடங்கியது. பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த ஜான் ஸ்கடர் 1836-ல் சென்னைக்கு மாறினார். அவருடைய பேத்திதான் வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர். வேலூருக்கு ரயில் ஏறும் எங்கள் ஊர் நோயாளிகளுக்கு இந்தக் கதை தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ராமநாதபுரம் டவுனின் கதை கொஞ்சம் வேறு. இங்கே ஆங்கிலிக்கன் மிஷன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தது. அப்துல் கலாம் படித்த ஷ்வார்ட்ஸ் பள்ளி அந்த வழியில் வந்தது.

எனக்குப் பிடித்த பகுதி தொண்டி. யாழ்ப்பாணத்து மாணவர்கள் சேர்ந்து ஒரு மிஷனரி சங்கம் நடத்தினார்கள். கைக்காசு போட்டு ஆள் அனுப்பிய இடம் எங்கள் கரையில் இருக்கும் தொண்டி. அவர்களுக்குத் தொண்டி ‘வெளிநாடு’! 1902-ல் யாழ்ப்பாணம் போன வே. ச. அசரியா அங்கே இந்த ஆர்வத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வருடம், 1903-ல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவரும் அவர்தான். நம்ம ஊரில் இந்தச் சங்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாழ்ப்பாணத்தை அநேகமாக விட்டுவிடுவார்கள்.

எதிர்த் திசையிலும் ஆள் போனார்கள், ஆனால் வேறு மாதிரி. மழை பொய்த்த எங்கள் சீமையிலிருந்து கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள் மண்டபம் முகாமில் நிறுத்தி வைக்கப்பட்டு, சோதனை முடிந்த பிறகே கப்பல் ஏறினார்கள். அந்த முகாம் வருவதற்கு வெகு முன்பே, 1854-ல், தோட்டத் தமிழர்களுக்காக ஒரு தமிழ் மிஷன் தொடங்கியபோது உபதேசியார்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனார்கள்.

சரி, இன்றைய அமைப்புக்கு வருவோம். 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. இந்தியா சுதந்திரம் அடைந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது, இலங்கைக்கு இன்னும் நான்கு மாதம் பாக்கி. யாழ்ப்பாணம் அன்றைக்கே அதில் ஓர் அங்கம். 1908-ல் ஏற்பட்ட தென்னிந்திய ஐக்கிய சபையிலேயே அவர்கள் இருந்ததால் இது திடீர் உறவும் இல்லை. ஆக, தேசங்கள் இரண்டும் தனித்தனியாகக் கொடி ஏற்றிக்கொண்ட அதே நேரத்தில் சபை ஒன்றாகவே நின்றது. எங்கள் மதுரை - ராமநாதபுரம் திருமண்டலத்தின் (ஒரு பேராயரின் கீழ் வரும் வட்டாரம்) முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின், பிரெஸ்பிட்டேரியன் என்ற இன்னொரு புராட்டஸ்டன்ட் வழியில் வந்தவர். யாழ்ப்பாணத்தின் முதல் பேராயர் சபாபதி குலேந்திரன், அந்த மண்ணின் தமிழர். இன்றும் யாழ்ப்பாணப் பேராயருக்குச் சென்னை ராயப்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட சினாடில், அதாவது சபையின் உச்ச மன்றத்தில், இடம் உண்டு.

ஒரு வேடிக்கை. நாங்கள் ‘திருமண்டலம்’ என்பதை அவர்கள் ‘ஆதீனம்’ என்பார்கள். சின்ன வயதில் “யாழ்ப்பாண ஆதீனத்திலிருந்து கடிதம் வந்திருக்கு” என்று அப்பா சொன்னபோது, மதுரை ஆதீனம் மாதிரி காவி உடுத்திய ஒருவர்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

1990-ல் சண்டை மறுபடி மூண்டபோது படகு படகாக அகதிகள் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாம் நிரம்பி வழிந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. சபையில் அரிசி, பழைய துணி, பால்பவுடர் எல்லாம் சேகரித்தோம். அதை எல்லாச் சபையும் செய்தது, பள்ளிவாசல்காரர்களும் கோயில்காரர்களும் செய்தார்கள். எங்கள் சேகரத்துக்கு வந்த விசேஷச் சிக்கல் ஒரு கல்யாணம்.

மாப்பிள்ளை பண்டத்தரிப்புக்காரர், பெண் மானிப்பாய். ஊரில் நிச்சயம் ஆன பிறகு வெவ்வேறு படகில் வந்து, முகாமில் ஒருவரையொருவர் கண்டுபிடித்தவர்கள். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, ஆட்சேபனை இருந்தால் சொல்லலாம் என்று ஆராதனையில் அறிவிப்பார்கள். பெண், பையன் இருவரின் சொந்தச் சபையிலும் வாசிக்க வேண்டும். சொந்தச் சபை கடலுக்கு அந்தப் பக்கம். அங்கே சபையாரே ஊர் ஊராக இடம்பெயர்ந்து கிடக்கிறார்கள். ஞானஸ்நானச் சர்டிபிகேட்டும் கையில் இல்லை. பெண்ணிடம் ஒரு பைபிளும் அதன் உள்ளட்டையில் பிறந்த தேதியும் இருந்தன, அவ்வளவுதான்.

கமிட்டியில் இரண்டு கட்சி. “ஆள் யாருன்னே தெரியாம எப்படிங்க கட்டி வைக்கிறது, நாளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்னு தெரிஞ்சா?” என்றார் ஒரு பெரியவர். அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் ஆயர் ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வேற சபைன்னா நான் யோசிப்பேன். இது நம்ம சபைதானே, பக்கத்து திருமண்டலத்துக்கு எழுதுற மாதிரி எழுதுவோம்” என்றார். அப்பாவின் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அவரையே எழுதச் சொன்னார்கள். நேரே தபால் போகாது. கொழும்பில் இருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா வழியாகப் போனது.

பதில் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ரூல் போட்ட பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள், கீழே ஊதா மையில் சபை முத்திரை. முத்திரையின் பாதி பதியவில்லை. இருவரும் தம் சபையார், மணமாகாதவர்கள், இங்கே கூடியிருந்த சபையில் மூன்று ஞாயிறு அறிவித்தோம், ஆட்சேபனை இல்லை என்று எழுதியிருந்தது. கடைசியில் ஒரு வரி: “பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கோ.” அப்பா அதை எங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு ரிஜிஸ்டருக்குள் ஒட்டி வைத்தார். கல்யாணம் ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்தது, முகாமில் அனுமதி வாங்கி, மாலைக்குள் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு. பெண்ணின் தரப்பில் பாடிய அக்காக்கள் எங்களுக்குத் தெரிந்த கீர்த்தனையையே வேறு மெட்டில் இழுத்து இழுத்துப் பாட, எங்கள் பாடகர் குழு பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

சபைகளின் எல்லை தாண்டிய ஒத்துழைப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நோட்டுத் தாள்தான் ஞாபகம் வரும். இரண்டு பக்கமும் ஒரே ஒழுங்கு, ஒரே ஓலை முறை, ஒருவர் முத்திரையை மற்றவர் நம்பலாம் என்ற ஏற்பாடு முன்னமே இருந்ததால்தான் அன்றைக்கு வேலை நடந்தது.

மேல்மட்டத்திலும் இதைச் செய்தவர்களில் நம்ம கடற்பக்கத்துத் தமிழர் உண்டு. ஆசியச் சபைகளை ஒன்று சேர்க்க 1957-ல் இந்தோனேசியாவின் பிரபாத்தில் கூடி, 1959-ல் கோலாலம்பூரில் முறையாகத் தொடங்கிய கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாட்டின் முதல் பொதுச் செயலாளர் டி. டி. நைல்ஸ், யாழ்ப்பாணத்து மெதடிஸ்ட். 1970-ல் அவர் இறந்தது வேலூரில். அந்த அமைப்பு 1973-ல் ‘ஆசியக் கிறிஸ்தவ மாநாடு’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1987-ல் சிங்கப்பூர் அரசு அதை வெளியேற்றியது, இப்போது தாய்லாந்தின் சியாங் மாயில் இருக்கிறது. மாநாடு, கருத்தரங்கு, இளைஞர் பயிற்சி எல்லாம் நடத்துகிறார்கள். பெரிய வேலைதான், ஆனால் எங்கள் சேகரத்து ஆட்களில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அதிகம்.

இப்போது என்ன நிலைமை என்றால், பேச்சு சுலபம், காரியம் கஷ்டம். யாழ்ப்பாணத்து ஆராதனையை போனில் நேரலையாகப் பார்க்கலாம். ஆனால் பணம் என்று வந்தால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே நிற்கும். வட்டுக்கோட்டைச் சபை எங்கள் பள்ளிக்கு நூறு ரூபாய் கொடுத்தாலும் அது ‘வெளிநாட்டு நிதி’. 2020 திருத்தத்துக்குப் பிறகு அது டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில் உள்ள கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். வாங்கியதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. சட்டம் எதற்காக வந்தது என்பது தனி விவாதம். ஒரே சபையின் இரண்டு பகுதிகள் ஒன்றுக்கொன்று அந்நியர் ஆனதுதான் நான் பார்த்த பலன். போக்குவரத்தும் அப்படித்தான். 1964 புயலுக்கு முன் தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கியவர்கள் உண்டு. இன்று தலைமன்னாருக்கு எதிரே குடியிருந்துகொண்டு, நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏற வேண்டும், இல்லையென்றால் விமானம் ஏறிச் சுற்றிப் போக வேண்டும்.

ஆனால் சட்டத்தையும் கடலையும் மட்டும் குறை சொன்னால் பாதி உண்மைதான். எங்கள் கரையின் மிகப் பெரிய எல்லைப் பிரச்சினை மீன். அதில் இரண்டு பக்கத்துச் சபைகளும் வாயைத் திறப்பதில்லை. இங்கே ஞாயிறு ஜெபத்தில் “சிறைபிடிக்கப்பட்ட எங்கள் மீனவர்களுக்காக” என்று வேண்டுவோம். அங்கே, இழுவை மடி (கடல் அடியை வாரி இழுக்கும் வலை) போடும் நம்ம விசைப்படகுகளால் வலை அறுந்தவர்களுக்காக வேண்டுகிறார்கள். இழுவை மடியை இலங்கை 2017-ல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. ஒரே சபை, இரண்டு எதிரெதிர் ஜெபம். ஒரு கமிட்டிகூடப் போடவில்லை, அத்தனைக்கும் கமிட்டி போடுவது எங்களுக்குக் கைவந்த கலை!

சில வருடத்துக்கு முன் எங்கள் அறுப்பின் பண்டிகைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். ஜெபிக்கச் சொன்னோம். சிறையில் இருப்பவர்களையும் வலை இழந்தவர்களையும் ஒரே மூச்சில் சொல்லி ஜெபித்தார். கூட்டத்தில் சின்ன சலசலப்பு. விசைப்படகில் பங்கு வைத்திருக்கும் மாமா ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார். சாப்பாட்டுப் பந்தியில் பார்த்தால் அந்த மாமா போதகருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். “அங்க ஒரு வலை அறுந்தா எவ்வளவுக்குங்க நஷ்டம்?” என்று கேட்டார். போதகர் இலங்கை ரூபாயில் சொன்னார். மாமா சாம்பாரைப் பிசைந்தபடியே அதை நம்ம ரூபாய்க்கு மாற்றிக் கணக்குப் போட்டார். பிறகு பக்கத்தில் இருந்த என்னிடம், “ரொம்ப அதிகமால்ல சொல்றாரு” என்றார். போதகர் சிரித்துக்கொண்டே நூலின் தடிமன், கண்ணி அளவு, எத்தனை பாகம் என்று விவரிக்க ஆரம்பித்தார். பாயசம் வந்த பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை.