விறாந்தைத் தூணும் பஸ்ஸில் அசைந்த விரல்களும்

அன்பின் அக்காவுக்கு,

விசுவமடுவிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 11 வயது. பள்ளிக்கூடத்தில் நடனம் பழகுகிறாள், சனிக்கிழமைகளில் ஒரு ரீச்சரிடமும் போகிறாள். "புலமைப்பரிசில் சோதனை முடிஞ்சுது, இனிக் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் பார்க்கட்டும், ஆட்டத்தை நிப்பாட்டு" என்று இவர் நிற்கிறார்.

இப்போது ரொறன்ரோவிலிருந்து என் சொந்த அக்காவின் மகள் வந்து நிற்கிறாள். 17 வயது. ஆறு வயதிலிருந்து பாலே என்ற மேலைநாட்டு நடனம் பழகுகிறவள். நாங்கள் எழும்ப முதலே விறாந்தைத் தூணைப் பிடித்தபடி ஒரு மணித்தியாலம் முழங்காலை மடக்கி நிமிர்த்திக்கொண்டு நிற்பாள். தன் சப்பாத்துக்குத் தானே நாடா தைக்கிறாள். மா குழைக்கக் காட்டிக் கொடுத்தேன். பிழைத்தபோது "திரும்பக் காட்டுங்கோ சித்தி" என்று கேட்டாள். என் மகளுக்கு ஒரு சொல் சொன்னால் அன்று முழுக்க முகத்தை நீட்டிக்கொண்டு இருப்பாள். வவுனியாவுக்கு பஸ்ஸில் போனபோது பெறாமகளின் விரல்கள் மடியில் ஏதோ ஆடிக்கொண்டே வந்தன. ஆனால் சோற்றைக் கண்டால் ஒதுக்குகிறாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று வயிற்றைத் தடவிப் பார்க்கிறாள். அவளின் நல்ல குணமும் இந்தப் பயமும் அந்த ஆட்டத்தால் வந்தவையா? எங்கள் பக்கம் பாலே பழக்க ஆளில்லை. இருக்கிற நடனத்தையாவது மகள் தொடரட்டுமா?

— ஒரு தாய், விசுவமடு

அன்பின் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் அந்த பஸ்ஸில் அசைந்த விரல்களைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். பாலே பழகுகிறவர்கள் காலின் வேலையைக் கையால் செய்து மனதில் பதித்துக்கொள்வார்கள். கைகள் இரண்டும் கால்களாகிவிடும். பெறாமகள் உங்களோடு பஸ்ஸில் இருந்தபடியே ஒரு முழு ஆட்டத்தை ஆடி முடித்திருப்பாள்.

அவள் தூணில் செய்வதன் பெயர் 'பிளியே'. பாலே வகுப்பில் சுவரோரமாக இடுப்பு உயரத்தில் ஒரு கட்டை ஓடும்; 'பார்' என்பார்கள். அதில் கையை வைத்து, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, முழங்காலை மெதுவாக மடக்கி நிமிர்த்துவதில் இருந்துதான் வகுப்புத் தொடங்கும். முதல் வருடப் பிள்ளையும் இதைத்தான் செய்யும். இருபது வருடம் மேடையில் முதன்மை ஆட்டக்காரியாக நின்றவரும் நாளைக் காலையில் இதையேதான் செய்வார். சொற்கள் எல்லாம் பிரெஞ்சு. பதினான்காம் லூயி மன்னர் 1661இல் பாரிசில் நடனத்துக்கென்று ஒரு கழகம் அமைத்தார். பாதத்தின் ஐந்து நிலைகளையும் வகுத்தது அந்தக் காலம். இன்று மொஸ்கோவிலும் ரொறன்ரோவிலும் விசுவமடு விறாந்தையிலும் அதே சொல். எங்கள் பரதத்தில் முழங்காலை மடக்கி நிற்கிற அரைமண்டிக்கும் பிளியேக்கும் முழங்கால் வெளியே திரும்புவதில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. நாங்கள் மண்ணை மிதித்து ஆடுகிறோம், அவர்கள் மண்ணைவிட்டு எழும்பப் பார்க்கிறார்கள்.

நாடா தைத்த சப்பாத்து நுனிவிரலில் நிற்பதற்கானது. விரல்களைச் சுற்றிய பகுதி துணியும் கடதாசியும் பசையும் அடுக்கி இறுக்கியது. பாதமும் கணுக்காலும் பலப்படும் முன்னர் நல்ல ரீச்சர் எவரும் அதைப் பிள்ளையின் காலில் மாட்ட விடமாட்டார். வழமையாக 11, 12 வயதுக்குப் பிறகுதான். ஆறு வயதில் சேர்ந்த பிள்ளை ஐந்தாறு வருடம் காத்திருந்து அந்தச் சப்பாத்தை வாங்குகிறது. மேடையே தொழிலானவர்களுக்கு அதில் ஒரு சோடி ஓர் இரவோடு முடிந்துபோவதும் உண்டு. பிறகு புதுச் சோடி, திரும்பவும் ஊசியும் நூலும்.

காத்திருக்கப் பழகியதால் பொறுமை வந்தது என்று சொல்லி நான் முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் மா குழைத்த கதையை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒன்றரை மணித்தியால வகுப்பில் ஒரு பிள்ளைக்கு எத்தனையோ தரம் திருத்தம் விழும். தோளை இறக்கு, இடுப்பைச் சரிக்காதே, முழங்கால் விரலுக்கு நேரே வரட்டும். பெயர் சொல்லி, எல்லார் முன்னாலும். அந்த உலகத்தில் திருத்தம் கிடைக்காத பிள்ளைதான் வீட்டுக்குப் போய்க் கவலைப்படும், ரீச்சர் என்னைக் கைவிட்டாரோ என்று. பத்து வருடம் இப்படிப் போனால் பிழை தோளில் இருக்கிறது, முழங்காலில் இருக்கிறது, நான் பிழையான ஆள் இல்லை என்பது உடம்புக்கே விளங்கிவிடுகிறது. உங்கள் மகளுக்கு ஒரு சொல் சொன்னால் அது பிள்ளையை முழுதாகச் சுட்டுவிடுகிறது. பெறாமகளுக்கு அந்தச் சொல் மாவில் மட்டும் விழுகிறது.

என் அப்பாவிடம் இதை நான் கண்டிருக்கிறேன். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தில் ஆடினவர். வயலில் யார் புத்தி சொன்னாலும் கேட்கமாட்டார். வீட்டில் அம்மா சொன்னாலும் கேட்கமாட்டார். பழக்க நாட்களில் மட்டும் வேறு ஆளாய் இருப்பார். அவர் நெஞ்சு விரிய ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு போகும்போது கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் கையை உயர்த்தி நிறுத்துவார். ஊர்ச்சனம் சுற்றிவர இருந்து பார்க்கும். அப்பா ஒரு சொல்லும் பேசாமல் முதலடிக்குத் திரும்பிப் போவார். சின்னப்பிள்ளையாய் அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் எனக்கே ஆடப் பழக வேண்டும் என்ற ஆசை வந்தது.

திருத்தம் குணத்தை ஆக்குவதும் அழிப்பதும் அதைச் சொல்லும் வாயைப் பொறுத்தது, தங்கச்சி. எங்கள் ஆட்கள் கண்டிப்பு என்ற சொல்லில் மயங்கிப்போவார்கள். தட்டுக்கழி தாளம் போடுவதற்கு. பிள்ளையின் காலில் விழுவதற்கில்லை. பாலே உலகமும் இதில் சுத்தமில்லை. 2019இல் வியன்னாவின் பெயர்பெற்ற பாலே பள்ளியொன்றில் பிள்ளைகள் அடிக்கப்பட்டதும் உடம்பைச் சொல்லி அவமானப்படுத்தப்பட்டதும் வெளியே வந்து, விசாரணை நடந்தது.

எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னர், ஒரு கலைவிழாவுக்குப் பழக்கும்போது, கொஞ்சம் பருத்த பிள்ளை ஒன்றைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னேன். ஏனென்று அவள் கேட்டாள். "முன்னுக்கு வடிவாய் இருக்க வேணும்" என்று சொல்லிவிட்டேன். அவளுடைய அடவில், அந்தக் கால் கை அசைவில், பிழையே இருக்கவில்லை. அடுத்த கிழமை அவள் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கதவடியில் நின்று சிரித்தாள், அவ்வளவுதான். தோளை இறக்கு என்றால் பிள்ளை இறக்கலாம். உன் உடம்பு சரியில்லை என்றால் அந்தப் பிள்ளை எதை இறக்கும்?

உங்கள் பெறாமகள் சோற்றை ஒதுக்குவதும் இங்கேதான் வந்து சேர்கிறது. பாலே பழகும் அறையில் சுவர் முழுக்கக் கண்ணாடி. உடம்போடு ஒட்டிய உடுப்பு. வளர்கிற வயதில், இடுப்பும் மார்பும் வருகிற வயதில், நாளாந்தம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பது இலேசான காரியமல்ல. மெலிந்த உடம்புதான் அழகு என்ற எண்ணம் அந்தக் கலையில் நெடுங்காலமாக ஊறிக் கிடக்கிறது. சாப்பாடு தொடர்பான நோய்கள் மற்றப் பெண்பிள்ளைகளைவிடப் பாலே ஆடுகிறவர்களில் கூடுதலாக வருவதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். ஆடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் நின்றுபோகலாம். எலும்பு பலமிழந்து, சின்ன வெடிப்புகள் வரலாம். ஆகவே இதைப் பிள்ளையின் நொட்டைக் குணமாக எடுக்காதீர்கள். ரொறன்ரோவிலிருக்கும் உங்கள் அக்காவுக்கு அழைப்பெடுத்துத் தனியாகக் கதையுங்கள், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள், திரும்பிப் போனதும் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வருகிற ஆட்கள் "நல்லாய் மெலிஞ்சு போனாய்" என்றோ "கனடாச் சாப்பாடு பிடிச்சிருக்கு" என்றோ சொல்லாமல் நீங்கள் மறித்துக்கொள்ளுங்கள். எங்கள் சனத்துக்கு அது சுகம் விசாரிக்கிறது மாதிரி. அந்தப் பிள்ளைக்கு அப்படியில்லை.

பாலே இங்கே இல்லையே என்று குறைப்படாதீர்கள். பரதத்தை மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ருக்மிணி தேவி முதலில் பழகியது பாலேதான், ரஷ்யாவின் பெயர்பெற்ற பாலே ஆட்டக்காரி அன்னா பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம். உன் மண்ணின் கலையைத் தேடிப்போ என்று அவரைத் திருப்பிவிட்டவர் பாவ்லோவா. 1935இல் ருக்மிணி தேவி பரதம் ஆடி மேடையேறினார், 1936இல் கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பாவ்லோவாவும் உடுப்புத் தோய்த்துப் பிழைத்த ஒரு தாயின் மகள்.

உங்கள் இவரோடு நான் சண்டைக்கு வரவில்லை. வன்னியில் படிப்பு என்றால் என்னவென்று இரண்டு தரம் வீடிழந்த சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நடனம் சாதாரண தரப் பரீட்சைக்கு எடுக்கக்கூடிய பாடம். வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளும் இருக்கின்றன. இதைச் சொன்னால் அவர் கொஞ்சம் இளகலாம். ஆனால் சான்றிதழுக்காகத் தொடருங்கள் என்று எழுத எனக்கு மனமில்லை. 2009இல், யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் நான் பார்த்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அவளுக்கு அப்போது 14 வயது இருக்கும். இடம்பெயர முதல் என்னிடம் பழகினவள். பின்னேரங்களில் தறப்பாள் கூடாரத்துக்கு வெளியே இருந்து, காலால் நிலத்தைத் தட்டி ஆடவேண்டிய தட்டடவைத் தன் தொடையில் உள்ளங்கைகளால் தட்டிக்கொண்டிருப்பாள். சத்தம் வராது. பக்கத்துக் கூடாரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். சத்தம் வரக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வேகம் கூடிக்கூடி முதலாம் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். மூன்றாம் காலத்தில் கை தடுமாறும். நிறுத்திவிட்டுத் திரும்ப முதலாம் காலத்திலிருந்து தொடங்குவாள். நான் தண்ணீர் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் நாங்கள் யாருமே எதையும் முதலிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கவில்லை.

அவள் பிறகு நடனத்தைத் தொடரவில்லை. இன்று பரந்தன் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறாள். போன மாதம் எனக்குத் தைத்த சட்டையில் கை ஒன்று ஏறிப்போய்விட்டது. நான் கவனிக்க முதல் அவளே, "ரீச்சர், இது பிழைச்சுப் போச்சு, பிரிச்சுத் தைக்கிறன்" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். இதை நடனம்தான் தந்தது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. அவளின் தாயும் அப்படித்தான் நேர்மையான ஆள். ஆனால் நூலைப் பிரிக்கும்போது அவள் முகம் முகாமில் கண்ட அதே முகமாக இருந்தது.

மகள் தொடரட்டும். சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு நாள் நீங்களும் போய் ஓரமாய் இருங்கள். அடவைக் கவனிக்காவிட்டாலும் பரவாயில்லை. ரீச்சர் திருத்தும்போது பிள்ளைகளின் கண்களைப் பாருங்கள். அந்தக் கண் ரீச்சரின் காலைப் பார்த்தால் நல்ல வகுப்பு. நிலத்தைப் பார்த்தால் வேறு ரீச்சரைத் தேடுங்கள்.

பெறாமகள் இன்னும் எத்தனை நாள் நிற்பாள் என்று எழுதவில்லை. நிற்கும் வரைக்கும் காலையில் இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாகத் தூணடிக்கு விடுங்கள். அவள் இவளுக்குப் பிளியே காட்டட்டும், இவள் அவளுக்கு அரைமண்டி காட்டட்டும். பதினொரு வருடம் பழகினவளுக்கு 11 வயதுக்காரி திருத்தம் சொல்லட்டும். அவள் அதை எப்படி வாங்கிக்கொள்கிறாள் என்று உங்கள் மகள் கிட்ட நின்று பார்ப்பாள். முடிந்ததும் இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் புட்டும் மாம்பழமும் வைத்துக் கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்காமல் குசினிக்குள் போய்விடுங்கள். தட்டு எப்படித் திரும்பி வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா