61 வயதில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை செல்ல, தினமும் ஒரு மணி நேரம் பூங்காவில் நடப்பது போதுமா?

போதாது. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் பூங்கா நடை சமதளத்தில் நடப்பது. அது இதயத்துக்கு நல்லதுதான் என்றாலும், மலையிலிருந்து இறங்குவதற்குக் கால்களைத் தயார் செய்யாது. ஏறுவதைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுவதால், இறங்குவதை வேண்டுமென்றே முன்னால் வைக்கிறேன்.

எனக்கு இது, கோவை அருகே ஏழு மலைகளைக் கடந்து ஏற வேண்டிய வெள்ளியங்கிரியில்தான் புரிந்தது. பணி ஓய்வு பெற்ற ஆண்டில், பத்து ஆண்டுகளாகக் காலை நடையை விடாமல் சென்றுவந்த தைரியத்தில், பூண்டி அடிவாரத்தில் ஒரு மூங்கில் தடியை வாங்கிக்கொண்டு இரவில் ஏறத் தொடங்கினேன். விடியற்காலையில் ஏழாவது மலையில் தரிசனம் முடியும்வரை மூச்சு வாங்கியதைத் தவிர வேறு குறையே இல்லை. இறங்கும்போது மூன்றாவது மலையை அடைவதற்குள் தொடைகள் நடுங்க ஆரம்பித்துவிட்டன. முதல் மலையின் படிகளில் பாதியை உட்கார்ந்து நகர்ந்தே கடந்தேன். அடுத்த நான்கு நாட்களுக்கு நாற்காலியிலிருந்து எழுவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறங்கும்போதோ அதே தசை, நீண்டுகொண்டே உடலின் முழு எடையையும் தாங்கி, வண்டியின் பிரேக்கைப் போல வேலை செய்கிறது. பழக்கமில்லாத தசையில் இது நுண்ணிய கிழிசல்களை உண்டாக்குவதால்தான் வலி மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் உச்சத்துக்குப் போகிறது. ஐம்பது வயதுக்குப் பிறகு தசை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கரைவதோடு, தடுமாறும்போது சட்டென்று காலூன்ற உதவும் வேக இழைகளே அதிகமாகக் குறைகின்றன என்பதால், களைத்த தொடையோடு இறங்கும் முதியவர் விழும் வாய்ப்பும் கூடுகிறது. ஆறுதலான செய்தி என்னவென்றால், ஒரு முறை இந்த வேலையைப் பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே சுமையை மிகக் குறைந்த சேதத்துடன் தாங்கிக்கொள்கிறது.

ஆகவே மறுமுறை தயாரானபோது, வாரம் இருமுறை மருதமலைக்குப் பேருந்தில் ஏறிச் சென்று, படிகள் வழியாக இறங்கி மட்டும் வந்தேன். அடிவாரத்தில் பூ விற்கும் அம்மா, “ஏனுங்க, எல்லாரும் நடந்து ஏறுவாங்க, நீங்க நடந்து இறங்கறதுக்குன்னே வர்றீங்களே!” என்று சிரித்தார். இறங்குவதற்கு ஆக்சிஜன் தேவை குறைவு என்பதால், இதயத்தை அதிகம் வாட்டாமல் தசைக்கு மட்டும் கடும் வேலை கொடுக்க முடிகிறது. வயதானவர்களுக்கு இது பெரிய வசதி. ஆஸ்திரியாவில் ஆய்வுக்காகச் சிலரைக் கேபிள் காரில் மேலே அனுப்பி நடந்து இறங்கவைத்தபோது, அவர்களுடைய உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் மேம்பட்டதைக் கண்டிருக்கிறார்கள். ஆரம்பத்தில் கால்வாசித் தூரம் மட்டும் இறங்குங்கள். வலி முழுவதும் அடங்கிய பிறகே அடுத்த முறை செல்லுங்கள்; இளைஞனுக்கு இரண்டு நாளில் ஆறுவது நமக்கு நான்கு நாள் எடுக்கும். நான் எட்டு மாதம் ஒதுக்கினேன், அது மிகையாக இல்லை.

இதோடு வாரம் இருமுறை எடைப்பயிற்சியும் தேவை. ஒரு படியில் நின்று, ஒற்றைக் காலை மடக்கியபடி மற்றக் காலின் குதிகால் கீழ்த்தரையைத் தொடும்வரை மூன்று விநாடி எடுத்து மெதுவாக இறங்குவதுதான் எனக்கு அதிகம் உதவியது. கைத்தடி இரண்டாக இருக்கட்டும். மூட்டின் சுமையில் ஒரு பங்கை அவை வாங்கிக்கொள்ளும்.

ஜப்பானியரான யூயிச்சிரோ மியூரா 2003-இல் 70 வயதிலும், 2008-இல் 75 வயதிலும், இதய அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு 2013-இல் 80 வயதிலும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தவர். கடைசி முறை உச்சியிலிருந்து இறங்கும்போது மிகவும் களைத்து, இரண்டாம் முகாமிலிருந்து அடிவாரத்துக்கு ஹெலிகாப்டரில்தான் வந்தார். கணுக்காலில் எடையைக் கட்டிக்கொண்டு நடந்து பயிற்சி எடுத்தவருக்கே அந்த நிலை. (அந்தக் கணுக்கால் எடையை நம் மூட்டுகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், முதுகுப்பையில் ஐந்து கிலோ போதும்.)

பயிற்சியைத் தொடங்கும் முன் இதய மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கு, நாடித்துடிப்பையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவராக இருந்தால், வயதை வைத்து நாடித்துடிப்பைக் கணக்கிடும் சூத்திரங்கள் உங்களுக்குப் பொருந்தா. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே உங்களுக்கு அளவுகோல். உயரத்தால் வரும் நோய்க்கும் உடல் தகுதிக்கும் தொடர்பில்லை, எட்டு மாதப் பயிற்சி அதிலிருந்து காப்பாற்றாது. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு ஓய்வு நாள் வைக்கும் திட்டத்தையே தேர்ந்தெடுங்கள்.

அப்படி மெதுவாக எட்டு நாட்களில் ஏறிய வழியை, அடிவார முகாமுக்கு முந்தைய கடைசித் தங்குமிடமான, 5,164 மீட்டரிலுள்ள கோரக் ஷெப்பிலிருந்து, நடை தொடங்கும் ஊரான, 2,860 மீட்டரிலுள்ள லுக்லா வரை, பெரும்பாலான குழுக்கள் மூன்றே நாட்களில் இறங்கிவிடுகின்றன. முடிந்தால் அதை நான்கு நாளாக்கச் சொல்லிக் கேளுங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முந்தைய நாள் இரவே கால் நகங்களை ஒட்ட வெட்டிவிட்டு, காலையில் ஷூவின் நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்து உதிர்ந்த பிறகே எனக்கு அது தெரியவந்தது.