டிப் ஒட்டிப் பழக ஒரு பழைய க்யூ போதும்

கேள்வி: பூல் விளையாட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. சொந்தமாக ஒரு மேப்பிள் மர க்யூ, அதாவது பந்தை அடிக்கும் கோல், வாங்கியிருக்கிறேன். அதன் முனையில் ஒட்டியிருக்கும் தோல் டிப்பை மாற்றுவது, சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் நானே செய்யப் பழக ஆசை. என்னிடம் லேத் (கடைசல் இயந்திரம்) இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: உங்கள் க்யூவை இப்போதைக்குத் தொடாதீர்கள். விளையாடும் இடத்தில் விசாரியுங்கள். டிப் போய், வளைந்து, மூலையில் சாத்தி வைத்த பொது க்யூ ஒன்றாவது இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். மரம் வளைந்திருந்தாலும் டிப் ஒட்டிப் பழக அது போதும். அதோடு, ஒரே தோலை அழுத்திச் செய்த விலை குறைந்த டிப்புகள் ஒரு பெட்டி. பல அடுக்குத் தோல் டிப்பெல்லாம் கை பழகிய பிறகு பார்க்கலாம். பூல் க்யூவின் முனை பெரும்பாலும் 12 முதல் 13 மி.மீ. இருக்கும். டிப் அதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும்.

பழைய டிப்பைப் பிடுங்கக் கூடாது. கூரான பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, மெல்லிய தோல் ஏடு மிஞ்சும்போது நிறுத்துங்கள். மீதியை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். டிப்புக்குக் கீழே உள்ள வெள்ளை வளையம்தான் ஃபெரூல். அதன் மேல்முகம் சமமாக இருப்பதில்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது. கையில் பிடித்துத் தேய்த்தால் ஓரம் உருண்டுவிடும். ஒரு கனமான மரக்கட்டையில் க்யூ நுழையும் அளவுக்கு நேர்க்குத்தாகத் துளை போட்டு, கண்ணாடி மேல் 120 நம்பர் உப்புத்தாளை விரித்து, துளை வழியாக க்யூவை நிறுத்தி லேசாகச் சுழற்றுங்கள். பழைய பசை போனதும் நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் தேய்த்த ஃபெரூல் திரும்ப வளராது. டிப்பின் அடியையும் அதே தாளில் சமமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு ஜெல் வகை சூப்பர் க்ளூ ஒரு சொட்டு போதும். தண்ணீர்போல் ஓடும் வகை வழிந்து ஃபெரூலைக் கறையாக்கும், டிப்பை நடுவில் நகர்த்தி வைக்கவும் நேரம் தராது. ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

முதல் சில டிப்புகளை நான் விளையாட விடவே மாட்டேன். காய்ந்ததும் வேண்டுமென்றே பெயர்த்துப் பாருங்கள். தோல் கிழிந்து ஒரு ஏடு ஃபெரூலோடு தங்கினால் ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது. டிப் சுத்தமாகக் கழன்று, அடியில் ஒரு பக்கம் பசையே படாமல் இருந்தால் முகம் சமமாக இல்லை என்று அர்த்தம். என் ஆரம்ப டிப்புகள் எல்லாம் இப்படித்தான் ஒரே பக்கமாகக் கழன்றன. பெயர்த்துப் பார்த்த பிறகுதான் தப்பு பசையில் இல்லை, என் தேய்ப்பில் இருக்கிறது என்று புரிந்தது.

அப்புறம் ஓரம் வெட்டுவது. ஃபெரூலைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். க்யூவைத் தலைகீழாக்கி டிப்பை மரப்பலகை மேல் ஊன்றி, பிளேடை மேலிருந்து பலகையை நோக்கிச் சிறிது சிறிதாக இறக்குங்கள். பக்கவாட்டை 400, 600 தாளில் மெதுவாகத் தேய்த்து, லேசாக ஈரம் தொட்டு, ஒரு தோல் துண்டால் சூடேறும்வரை அழுத்தித் தேயுங்கள். இப்படி இறுகிய ஓரம் விளையாட விளையாடக் காளான்போலப் பிதுங்காது. மேல் வளைவுக்கு அமெரிக்காவில் நிக்கல் நாணயத்தை அளவாக வைப்பார்கள். அதன் விட்டம் சுமார் 21 மி.மீ. 2011 முதல் வந்த நம் ஒரு ரூபாய் நாணயமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். டிப்பின் பின்னால் நாணயத்தைப் பிடித்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மரத்தில் சின்னக் குழி விழுந்திருந்தால் உப்புத்தாளை எடுக்காதீர்கள். தேய்த்தால் க்யூவின் மெல்லிய முன்பகுதியான ஷாஃப்ட் இன்னும் மெலிந்துகொண்டே போகும். வார்னிஷ் இல்லாத பகுதியாக இருந்தால் குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காத்திருங்கள். அமுங்கிய நார் ஈரம் குடித்து எழும்பி வரும். நார் அறுந்திருந்தால் எழும்பாது. கார்பன் ஷாஃப்டுக்கு இதெல்லாம் பொருந்தாது. அதைத் தேய்க்கவே வேண்டாம், அந்தத் தூள் மூச்சுக்கு நல்லதில்லை.

தொடர்ந்து மூன்று டிப் ஒழுங்காக நின்றால் உங்கள் க்யூவை எடுக்கலாம். ஃபெரூல் மாற்றுவது, க்யூவின் இரு பாதிகளும் சேரும் ஜாயின்ட் வேலை, கைப்பிடிக்கு நூல் சுற்றுவது மூன்றையும் லேத் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் சம்மதித்தால் பக்கத்தில் நின்று பாருங்கள்.